நாற்பதுக்குப் பின் மீண்டும் படிப்பு: ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சேவை குறித்த மதிப்பீடு

சிங்கப்பூரில் 2015இல் தொடங்கப்பட்ட ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கத் திறன்மேம்பாட்டு இயக்கம், 25 வயது நிரம்பிய குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் பயிற்சிக்கென 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வழங்கியது. தொகை சிறியது. ஆயினும் ஊழியரின் கல்வி பலதுறைத் தொழிற்கல்லூரியோடு முடிந்துவிடுவதில்லை என்று ஓர் அரசாங்கம் தன் செலவிலேயே ஏற்றுக்கொண்டதை நான் மிகவும் மதிக்கிறேன்.

2024 மே மாதம், 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கூடுதலாக 4,000 வெள்ளி வழங்கப்பட்டபோது சேவையின் தன்மையே மாறியது. இத்தொகைக்குக் காலாவதி இல்லை. வேலைவாய்ப்பை மேம்படுத்தும் குறிப்பிட்ட பயிற்சிகளுக்கு மட்டுமே இதைப் பயன்படுத்த முடியும். இந்தக் கட்டுப்பாடு எனக்குச் சரியாகவே படுகிறது. சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னிலக்க அடையாளம் மூலம் இணையவாசலில் நுழைந்து விண்ணப்பிப்பதும் எளிது. பயிற்சியைத் தேர்ந்தெடுப்பதுதான் கடினம்: ஒரே மாதிரியான விவரிப்புகளுடன் அடுக்கப்பட்டிருக்கும் வகுப்புகளில், எதைப் படித்தவர்கள் எந்த வேலைக்குச் சென்றார்கள் என்பது பட்டியலைப் பார்ப்பவருக்கு எளிதில் புலப்படுவதில்லை.

இச்சேவையின் ஆகச் சிறந்த பகுதி பயிற்சிப் படித்தொகை. கட்டணத்தை அரசாங்கம் ஏற்றாலும், குடும்பத்தைத் தாங்கும் ஒருவர் சம்பளமின்றிப் பல மாதங்கள் வகுப்பில் உட்கார முடியாது என்ற உண்மையை உணர்ந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட முழுநேரப் பயிற்சிகளில் சேர்வோருக்கு அவர்களது சராசரி வருமானத்தில் பாதியை, மாதம் 3,000 வெள்ளி என்ற உச்சவரம்புக்குள், 24 மாதங்கள் வரை வழங்கும் ஏற்பாடு 2025இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதன் கணக்கைப் போட்டுப் பார்த்தால் கவலை எழுகிறது. மாதம் 6,000 வெள்ளி ஈட்டியவருக்கு 3,000 கிடைக்கும்; அவரிடம் சேமிப்பும் இருக்கக்கூடும். 2,400 வெள்ளி ஈட்டியவருக்குக் கிடைப்பது 1,200 மட்டுமே. வாடகைக்கும் பிள்ளைகளின் செலவுக்கும் அது போதாது என்பதால், புதிய திறன் அதிகம் தேவைப்படும் அவரே வேலையை விடத் தயங்குவார். குறைந்த வருமானத்தினருக்கு இந்த விகிதம் பாதிக்கும் மேலாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2025 வரவுசெலவுத் திட்டத்தில் பகுதிநேரமாகப் பயில்வோருக்கு மாதம் 300 வெள்ளி அறிவிக்கப்பட்டது. போக்குவரத்துக்கும் புத்தகங்களுக்கும் அது உதவும். ஆனால் சுழல்முறைப் பணியில் இருப்பவருக்கு இன்னும் தேவைப்படுவது வகுப்பு நாள்களில் பணிநேரத்தை மாற்றித்தரும் முதலாளி; அதை உறுதிசெய்யும் விதி எதுவும் இந்தப் படித்தொகையோடு சேர்ந்து வரவில்லை.