ரீஃபண்ட் வரவில்லையா? போர்ட்டலில் யாருடைய மொபைல் எண் இருக்கிறது என்று பாருங்கள்

வருமான வரி ரிட்டர்ன் போட்டுவிட்டு ரீஃபண்டுக்காகக் காத்திருப்பவர்களுக்கு, அதிலும் வேறொருவர் மூலமாகப் போட்டவர்களுக்கு, இந்தப் பதிவு. வரித்துறை தாமதம் செய்வதால்தான் என் பணம் வரவில்லை என்று மாதக்கணக்கில் எனக்குச் சொல்லப்பட்டது. உண்மையில் துறை கேட்ட கேள்வி, எனக்காக ரிட்டர்ன் போட்ட ஆளின் மெயிலில் பதிலில்லாமல் கிடந்தது.

அவர் பெயரைப் போடவில்லை. இதே பாணியில் தொழில் செய்பவர்கள் பலர் இருப்பதால் முறையைச் சொல்வதுதான் உபயோகம்.

நான் மாதச் சம்பளக்காரன். முதலீட்டு ஆதாரங்களை அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய கெடு முடிந்துவிட்டதால் டிடிஎஸ், அதாவது சம்பளத்திலேயே பிடிக்கும் வரியை, கூடுதலாகப் பிடித்துவிட்டார்கள். பழைய வரிமுறையில் முதலீடுகளுக்கான 80சி வரிக் கழிவைக் காட்டினால் அந்தக் கூடுதல் திரும்ப வந்துவிடும், அவ்வளவு எளிமையான கணக்கு. அலுவலகத்தில் பலருக்கு ரிட்டர்ன் போட்டுத்தரும் ஒருவரிடம் ஃபார்ம் 16 (அலுவலகம் தரும் சம்பள, வரிச் சான்று), பான், ஆதார் நகல்களைக் கொடுத்தேன். ஓடிபி கேட்டார், சொன்னேன். கட்டணம், வரும் ரீஃபண்டில் இத்தனை சதவீதம்.

சதவீதக் கட்டணம் என்றாலே உஷாராகிவிடுங்கள். ரீஃபண்ட் பெருத்தால் அவர் வருமானமும் பெருக்கும். அதைப் பெருக்கிக் காட்ட அவருக்கு எல்லாக் காரணமும் இருக்கிறது, மாட்டினால் பதில் சொல்லும் பொறுப்பு மட்டும் இல்லை. பட்டயக் கணக்காளர்கள் இப்படி விளைவைப் பொறுத்துக் கட்டணம் வாங்குவதை, சில விலக்குகள் தவிர, அவர்களுடைய தொழில் ஒழுங்கு விதிகளே தடுக்கின்றன. இவர் பட்டயக் கணக்காளரே இல்லை என்பது வேறு விஷயம்.

கூடப் போட்ட சிலருக்குப் பணம் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. எப்போது கேட்டாலும் "பெங்களூர்ல லேட் சார்" என்பார். ரிட்டர்ன்களைப் பரிசீலிக்கும் மையம் பெங்களூரில் இருப்பது உண்மை என்பதால் அது பொய்யாகத் தோன்றவில்லை. அப்புறம் ஒருநாள், "உள்ள நமக்கு ஆள் இருக்கு சார், கொஞ்சம் செலவு பண்ணா ஃபைல் மூவ் ஆகும்" என்றார். அனுப்பினேன். சில வாரம் கழித்து, அந்த ஆள் மாறிவிட்டார், புதியவருக்கும் கொடுக்க வேண்டும் என்றார். அங்கே ரிட்டர்ன்களைப் பரிசீலிப்பது கணினி. ஒருவருடைய ஃபைலை மட்டும் தூக்கி மேலே வைப்பதற்கு அங்கே மேசையும் இல்லை, ஃபைலும் இல்லை.

நானே பார்த்துக்கொள்கிறேன், பாஸ்வேர்டைக் கொடுங்கள் என்றதும் குரல் மாறியது. "நடுவுல லாகின் பண்ணா ப்ராசஸ் நின்னுடும் சார்." இது சுத்தப் பொய். வரித்துறைப் போர்ட்டலில் 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்று கொடுத்து, ஆதாருடன் இணைந்த மொபைலுக்கு வரும் ஓடிபியைப் போட்டாலே புதிய பாஸ்வேர்ட் வைத்துவிடலாம். அவரிடம் கெஞ்ச வேண்டியதே இல்லை.

உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது புரொஃபைல். பெயரும் பானும் என்னுடையவை, மொபைல் எண் அவருடையது. மெயில் முகவரி யாருடையது என்றே தெரியவில்லை. அடுத்து, துறை அனுப்பும் அறிவிப்புகள் இருக்கும் இ-புரொசீடிங்ஸ் பகுதியில், 80ஜி நன்கொடைக் கழிவைப் பற்றி விளக்கம் கேட்டு ஓர் அறிவிப்பு. பதில் தருவதற்கான 30 நாள் கெடுவும் முடிந்திருந்தது. என்ன நன்கொடை? ரிட்டர்னைத் தரவிறக்கிப் பார்த்தால், பெயரைக்கூடக் கேள்விப்படாத ஓர் அறக்கட்டளைக்கு நான் பெரும் தொகையை அள்ளிக் கொடுத்திருக்கிறேன்!

இது வெறும் தாமதப் பிரச்சினை இல்லை. பொய்யான கழிவு காட்டியதாக முடிவானால், தவிர்த்த வரியில் 200 சதவீதம் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அதைக் கட்ட வேண்டியவர் பான் அட்டைக்காரர்தான், இடைத்தரகர் இல்லை. 2025 ஜூலையில் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் சுமார் 150 இடங்களில் வரித்துறை இப்படிப்பட்ட ரிட்டர்ன் தயாரிப்பாளர்களைச் சோதனையிட்டது. அப்போது வெளியிட்ட அறிக்கையிலேயே, மொத்தமாக ரிட்டர்ன் போடுவதற்கென்று தற்காலிக மெயில் முகவரி தொடங்கிப் பிறகு அப்படியே விட்டுவிடுகிறார்கள், அதனால் அறிவிப்புகளை யாரும் படிப்பதில்லை என்று சொல்லியிருந்தது. என் கதை அச்சு அசல் அதுதான்.

போனில் கேட்டேன். "எல்லாருக்கும் இப்படித்தான் போடறோம் சார், உங்களுக்கு மட்டும்தான் பிரச்சினை" என்றார். எல்லோருக்கும் என்றதைக் கேட்டு அலுவலகத்தில் சொன்னேன். பார்த்தவர்களில் சிலருக்கும் இதே நன்கொடை. அதில் ஒருவருக்கு ரீஃபண்டும் வந்துவிட்டது. இப்போது அவர்தான் என்னைவிட அதிகம் பயந்துபோயிருக்கிறார்.

என் நல்ல நேரம், ரிட்டர்னைத் திருத்த அப்போது கெடுவாக இருந்த டிசம்பர் 31 தாண்டவில்லை. நன்கொடையை நீக்கித் திருத்திய ரிட்டர்ன் போட்டு, அது என்னுடையதுதான் என்று ஆன்லைனில் உறுதிசெய்யும் இ-வெரிஃபையையும் உடனே செய்தேன். மொபைலையும் மெயிலையும் என்னுடையதாக மாற்றினேன். அறிவிப்புக்கும் பதில் கொடுத்தேன்.

அந்த நேரத்தில் படித்துத் தெரிந்துகொண்டது, காத்திருப்பவர்களுக்காக. ரீஃபண்ட் நிற்பதற்குப் பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான் இருக்கும், எல்லாமே போர்ட்டலில் காசில்லாமல் தெரியும். இ-வெரிஃபை செய்யாத ரிட்டர்னைத் துறை தொடவே தொடாது, அதற்குக் கெடு தாக்கல் செய்ததிலிருந்து 30 நாள். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு "ப்ராசஸ்ல இருக்கு" என்று சொல்லும் ஏஜென்டுகள் உண்டு. வங்கிக் கணக்கு போர்ட்டலில் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும், பானில் உள்ள பெயரும் வங்கியில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். அதில் பிசகி ரீஃபண்ட் திரும்பிப் போயிருந்தால் கணக்கைச் சரிசெய்துவிட்டு பணத்தை மறுபடி அனுப்பச் சொல்லி 'ரீஃபண்ட் ரீஇஷ்யூ' கோரிக்கை வைக்கலாம். ஆதாரோடு இணைக்காமல் பான் செயலிழந்து போயிருந்தாலும் பணம் வராது. பழைய வருட வரி பாக்கி இருந்தால் ரீஃபண்டை அதில் கழித்துக்கொள்ளப் போவதாக அறிவிப்பு வரும். பதில் சொல்ல 21 நாள். அது யாரோ ஒருவருடைய மெயிலுக்குப் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் சரியாக இருந்தும் தாமதமானால் பொறுத்திருப்பதில் நஷ்டம் இல்லை. உரிய தேதிக்குள் போட்ட ரிட்டர்னுக்கு வருமானம் வந்த நிதியாண்டு முடிந்த அடுத்த நாளான ஏப்ரல் 1 முதல் மாதத்துக்கு அரை சதவீத வட்டி சேரும், ரீஃபண்ட் தொகை மொத்த வரியில் 10 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால். ரிட்டர்ன் போட்ட நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதம் வரை பரிசீலிக்கச் சட்டம் நேரம் தருகிறது. 2025 ஜூலையில் போட்டிருந்தால் 2026 டிசம்பர் 31 வரை. மிக நீண்ட அவகாசம்தான், எனக்கும் எரிச்சல்தான். ஆனால் ஏஜென்டுக்குக் காசு கொடுப்பதால் அது ஒரு நாள்கூடக் குறையாது.

திருத்திய ரிட்டர்ன் பரிசீலனை முடிந்து ரீஃபண்ட் வந்தது. அவர் ஆசை காட்டிய தொகை இல்லை, எனக்கு நியாயமாக வர வேண்டிய தொகை. 'உள்ளே இருக்கும் ஆளுக்கு' அனுப்பிய பணம் வரவில்லை, கேட்டால் போனை எடுப்பதில்லை. ஆனால் ரீஃபண்ட் வந்த செய்தி எப்படியோ தெரிந்து, தன் சதவீதத்தைக் கேட்டு மெசேஜ் மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கிறார். நான் பதில் போடவில்லை, பிளாக்கும் செய்யவில்லை. புகாரோடு இணைக்க அந்த மெசேஜ்கள் தேவைப்படுகின்றன.