குமிழ் 5-இல் நின்றால் அசலிலும் 5 தானா? ஆம்ப் சிமுலேட்டருடன் சில ஆண்டுகள்

கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களின் (ஆம்ப்) ஒலியை டிஜிட்டலாகப் போலச்செய்யும் கருவியான ஆம்ப் சிமுலேட்டரை வாங்கிய புதிதில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அசல் மாதிரியே ஒலிக்கிறதா?" சில ஆண்டுகள் பழகிய பிறகு அந்தக் கேள்வியில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. ஏதோ ஒரு நிலையில் அசலைப்போல ஒலிக்காத கருவி இன்று அரிது. குமிழை முழுச் சுற்றுச் சுற்றும்போது அசலில் எங்கே எது மாறுமோ, அங்கே அதுவே மாறுகிறதா என்பதில்தான் தரம் தெரிகிறது.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். வரிசை வீடு, இரண்டு பக்கமும் சுவர் ஒட்டிய அண்டை வீட்டார். எங்கள் குழு கோயில் திருவிழா, கல்யாணம், பள்ளி நிகழ்ச்சி என்று வாசிக்கிறது. நூறு வாட் மார்ஷல் ஆம்பின் தலைப்பகுதியையும் நான்கு ஸ்பீக்கர் உள்ள பெட்டியையும் மைவி என்ற சிறு காரில் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு, காலால் மிதித்து இயக்கும் சிமுலேட்டரை நான் ஏன் வாங்கினேன் என்று விளக்கத் தேவையில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அசல்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. குழுவில் மூத்தவரான அண்ணனிடம் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் மறுபதிப்பு ஒன்று உண்டு. ஈப்போவில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஜாமிங் ஸ்டூடியோவில் மார்ஷல் ஜேசிஎம் 800, அதாவது 2203 மாடல் இருக்கிறது. அந்த இரண்டையும் அளவுகோலாக வைத்தே எழுதுகிறேன்.

முதலில் டீலக்ஸ் ரிவெர்ப். 22 வாட், இரண்டு 6வி6 வால்வுகள் (வெற்றிடக் குழாய்கள்). அதில் வால்யூம், டிரெபிள் (உச்ச அதிர்வெண்), பேஸ் (தாழ்ந்த அதிர்வெண்) உண்டு; மிடில் (நடு அதிர்வெண்) குமிழ் கிடையாது. மிடில் இருக்க வேண்டிய இடத்தில் 6.8 கிலோ ஓம் மின்தடை ஒன்றை நிரந்தரமாக வைத்துவிட்டார்கள். டீலக்ஸைவிடப் பெரிய ஃபெண்டர் ஆம்பான ட்வின் ரிவெர்பில் அதே இடத்தில் 10 கிலோ ஓம் குமிழ் வருகிறது. ஆகவே டீலக்ஸ் என்பது ஏறக்குறைய மிடிலை 7-இல் பூட்டி வைத்த ட்வின் என்று எடுத்துக்கொள்ளலாம், டோன் பகுதியைப் பொறுத்தவரை. என் சிமுலேட்டரோ டீலக்ஸுக்கும் ஒரு மிடில் குமிழைத் தருகிறது, அதுவும் 5-இல் நிற்கும்படி. அப்படியே விட்டால் ஒலி நடுவில் சற்றுக் குழிந்துபோகிறது. 7-க்குக் கொண்டுபோனால் அண்ணனின் ஆம்ப் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அசலில் இல்லாத குமிழைத் தருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அசலுக்கு எந்த எண் சமம் என்பதைக் கருவியே தொடக்க நிலையாக வைத்திருக்க வேண்டும். ஃப்ராக்டல் நிறுவனத்தின் கருவிகளில் அசல் முகப்பில் உள்ள குமிழ்கள் மட்டும் ஒரு பக்கத்திலும், கூடுதல் வசதிகள் இன்னொரு பக்கத்திலும் தனித்தனியாக வருகின்றன. அதுதான் முறை என்பேன்.

வால்யூம் குமிழின் கதை இன்னும் சுவையானது. அசல் ஆம்பில் அது 1 மெகா ஓம் மடக்கை வகைப் பொட்டென்சியோமீட்டர் (திருப்பினால் மாறும் மின்தடை). பாதிச் சுற்றில் நிற்கும்போது சிக்னலில் பாதியை விடுவதில்லை. பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் விடுகிறது. காது கேட்கும் விதத்துக்கு அது பொருத்தமானது. நான் முன்பு கணினியில் பயன்படுத்திய ஒரு மென்பொருளில் குமிழ் நேர்கோட்டில் ஏறியது. 2-ஐத் தொடுவதற்குள் அசலின் 5-ஐத் தாண்டியிருக்கும். அதற்கு மேல் 10 வரை ஒரே கூழ். ஒலி மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் பயன்படும் இடமெல்லாம் குமிழின் முதல் கால் பகுதிக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்ததால் ஒரு மயிரிழை திருப்பினாலும் எல்லை தாண்டியது. இப்போதைய கருவியில் அந்தக் குறை இல்லை.

இதோடு சேர்ந்தது டீலக்ஸின் வைப்ரேட்டோ சேனலில் வால்யூம் குமிழின் குறுக்கே இருக்கும் 47 பிக்கோஃபாரட் மின்தேக்கி. வால்யூம் குறைவாக இருக்கும்போது உச்ச அதிர்வெண்கள் மட்டும் அதன் வழியே குறுக்கே தாவிப் போய்விடும். அதனால் 3-இல் ஒலி மெலிந்து மின்னும், 7-இல் தடித்து வட்டமாகும். 2203-இன் ப்ரீஆம்ப் (சிக்னலை முதலில் பெருக்கும் பகுதி) குமிழில் இதே வேலையை 1 நானோஃபாரட் மின்தேக்கி செய்கிறது. அங்கே விளைவு பல மடங்கு முரட்டுத்தனமாக இருக்கும். ஒரு சிமுலேட்டரை வாங்கும் முன் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது: கெயின் குமிழை (சிக்னல் எவ்வளவு பெருக்கப்படும் என்பதை அமைப்பது) 3-க்கு இறக்குங்கள். சத்தம் குறைவதோடு ஒலியின் நிறமும் மாறினால் உள்ளே அசலின் மின்சுற்றையே எழுதியிருக்கிறார்கள். நிறம் மாறாமல் சத்தம் மட்டும் குறைந்தால் வெறும் வால்யூம்தான்.

இன்னொரு சோதனை டிரெபிள், மிடில், பேஸ் மூன்றையும் பூஜ்யத்துக்கு இறக்குவது. ஃபெண்டர் ட்வினிலோ மார்ஷலிலோ இப்படிச் செய்தால் ஏறக்குறைய மௌனம்தான் மிஞ்சும், ஏனென்றால் அந்த டோன் மின்சுற்றால் எதையும் கூட்ட முடியாது. வருவதில் கொஞ்சத்தைக் கழிக்க மட்டுமே முடியும். ஈப்போ 2203-இல் அப்படித்தான் நடந்தது, என் கருவியிலும் அப்படியே. இந்த மின்சுற்றின் பூர்வீகம் ஃபெண்டர் பாஸ்மேன் 5எஃப்6-ஏ என்ற ஆம்ப். 1960-களின் தொடக்கத்தில் லண்டன் ஹான்வெல்லில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவருடைய ஆட்களும் அதைப் பார்த்துத்தான் ஜேடிஎம் 45-ஐ உருவாக்கினார்கள். பின்னால் வந்த மார்ஷல்களின் டோன் மின்சுற்றில் 56 கிலோ ஓம் மின்தடை இருந்த இடத்தில் 33 கிலோ ஓம் வந்தது, டிரெபிள் மின்தேக்கியின் அளவு ஏறத்தாழ இரட்டிப்பானது, நடு அதிர்வெண்கள் முன்னே வந்தன. குமிழ்களின் பெயர்கள் ஒன்றே என்றாலும் ஃபெண்டரின் 5 மார்ஷலின் 5 ஆகாததற்கு இது ஒரு காரணம். மூன்று குமிழ்களும் ஒன்றின் காலை ஒன்று வாரிவிடும் என்பது இன்னொன்று. "டிரெபிளைத் திறந்துவிட்டு மிடிலைத் தேடாதே தம்பி, அது அங்கே இருக்காது" என்பார் எங்கள் அண்ணன். தோட்டத்தில் திருவிழாக் கச்சேரிகளில் வாசித்துப் பழகிய அவருக்குச் சுற்றுப்படம் தெரியாது, விரலுக்குத் தெரியும். அவர் சொல்வது என் கருவியில் அப்படியே பலிக்கிறது. நான் குமிழ்ப் பொருத்தத்தை இவ்வளவு பெரிதாகப் பேசுவது இதற்காகத்தான். பழைய கைகள் சொல்லிக் கொடுப்பது செல்லுபடியாக வேண்டும்.

என் அக்காள் மகன் இதை ஏற்பதில்லை. வால்வு ஆம்பையே தொடாமல் வாசிக்கக் கற்றவன். "மாமா, டிரெபிளைத் திருப்பினால் டிரெபிள் மட்டும் மாற வேண்டும், இல்லையென்றால் அது பழுது" என்கிறான். அவன் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. தேவையான ஒலியை அவன் என்னைவிட விரைவாகப் பிடித்துவிடுகிறான். எந்த ஆம்பையும் கேட்டு வளராதவனுக்கு, அசலின் கோணல்களைக் கட்டாயமாக்குவது வீண் சுமை.

ஒலியைப் படம் பிடிக்கும் முறைகளில் இந்தச் சிக்கல் இன்னும் தெளிவாகத் தெரியும். கெம்பர், நியூரல் ஆம்ப் மாடலர் போன்றவை ஓர் ஆம்ப் குறிப்பிட்ட நிலையில் எப்படி ஒலித்தது என்பதைப் பிடித்துவைக்கும். அந்த ஒரு நிலையில் அவற்றின் நம்பகத்தன்மை அபாரம். குமிழைத் தொட்டால் மட்டும் பொதுவான ஓர் ஈக்வலைசர் (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் வசதி) வேலை செய்யும். மேசா பூகி மார்க் வகை ஆம்புகளை எடுத்துக்கொண்டால் வேறுபாடு புரியும். அங்கே டோன் குமிழ்கள் கெயினுக்கு முன்னால் இருப்பதால் பேஸை 1, 2 அளவில் வைத்தால்தான் ஒலி சேறாகாது. கனத்தைப் பின்னால் உள்ள கிராஃபிக் ஈக்வலைசரில் கூட்டுவார்கள். அந்த 1, 2 என்ற எண்களைப் பொதுவான ஈக்வலைசரில் வைப்பது, கொதிக்கும்போது போட வேண்டிய உப்பை இலையில் தூவுவது போன்றது. கெம்பர் 2023-இல் கொண்டுவந்த லிக்விட் புரொஃபைலிங், அசல் ஆம்பின் கெயின், டோன் குமிழ்களின் நடத்தையைப் படத்தோடு இணைக்கிறது. இந்தக் குறை அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

குமிழ்கள் எவ்வளவு பொருந்தினாலும் காது பொருந்துவதில்லை. சத்தம் குறையும்போது நம் காது தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்தே கேட்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை வளைகோடுகளாக வரைந்து காட்டினார்கள். இரவில் ஹெட்ஃபோனில் இதமாக அமைத்த பேஸ், கோயில் மண்டபத்தில் ஸ்பீக்கர் வழியே வரும்போது தூண்களை உலுக்கும். வீட்டுக்கு ஒன்று, மண்டபத்துக்கு ஒன்று என இரண்டு ப்ரீசெட் (சேமித்து வைத்த அமைப்பு) வைத்திருக்கிறேன். ஆம்ப் குமிழ்களைத் தொடுவதில்லை. கடைசியில் வரும் ஈக்வலைசரில்தான் வேறுபாடு. கணினியில் மென்பொருளாகப் பயன்படுத்துபவர்கள் ஆடியோ இன்டர்ஃபேஸின் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) உள்ளீட்டு அளவையும் கவனிக்க வேண்டும். அது 6 டெசிபெல் கூடியிருந்தால் கெயின் குமிழின் எண்கள் அனைத்தும் பொய்யாகிவிடும். ஃபெண்டரின் இரண்டாவது உள்ளீட்டுத் துளை முதலாவதைவிட அதே 6 டெசிபெல் குறைவு என்பதை நினைத்தால், அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும்.

ஒரு மனக்குறை. இடையில் வந்த ஒரு மென்பொருள் புதுப்பிப்பு சில ஆம்புகளின் மாஸ்டர் (மொத்த ஒலியளவு) குமிழ் ஏறும் விதத்தை மாற்றிவிட்டது. புதியது அசலுக்கு நெருக்கம் என்பது உண்மை. ஆனால் சேமித்து வைத்திருந்த ப்ரீசெட்டுகள் பழைய எண்ணிலேயே நின்று வேறு ஒலியைத் தந்தன, அதுவும் கல்யாண மாதத்தில். திருத்தம் தேவைதான், பழைய ப்ரீசெட்டின் எண்களையும் அதற்கேற்ப மாற்றிக் கொடுத்திருக்கலாம். அதன்பின் நிகழ்ச்சிகள் நெருங்கும்போது நான் எதையும் புதுப்பிப்பதில்லை.

சில்லறைப் பொருத்தங்கள்: வாக்ஸ் ஏசி 30-இன் கட் குமிழ் வலப்பக்கம் திருப்பத் திருப்ப உச்சத்தை வெட்டும், என் கருவியில் அந்தத் தலைகீழ் நடத்தை அப்படியே இருக்கிறது. ட்வீட் துணி போர்த்திய பழைய ஃபெண்டர்களில் எண்கள் 12 வரை போகும். கருவியில் 10 வரைதான். ஆகவே ட்வீடுக்கென்று யாராவது 6 என்று எழுதியிருந்தால் அது பாதிச் சுற்றுக்குப் பக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரெமலோ (ஒலியளவு சீராக ஏறி இறங்கும் விளைவு) வேகத்தில் மட்டும் எனக்கு அசல் வேண்டாம். டீலக்ஸின் வேகக் குமிழில் பாட்டின் தாளத்தைப் பிடிக்கக் குனிந்து தடவிக்கொண்டிருக்க வேண்டும். இதில் காலால் நான்கு தட்டுத் தட்டினால் தபேலாக்காரரோடு சேர்ந்துகொள்கிறது.