பெரிய எண்ணைப் பிரித்துப் பார்க்க பாரி-ஜிபி

எண் கோட்பாட்டில் ஆர்வம் உள்ள யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது பாரி-ஜிபி மென்பொருளைத்தான். பிரான்சில் போர்தோ நகரத்தில் ஆன்ரி கோஹென் குழுவினர் 1985-இல் தொடங்கியது, இலவசம். திறந்தால் ஒரு கேள்விக்குறி மட்டும் நிற்கும். பட்டன், மெனு எதுவும் கிடையாது, கட்டளையைத் தட்ட வேண்டியதுதான். ஆனால் எண்ணைக் கொடுத்தால் அதன் ஜாதகத்தையே எடுத்து வைத்துவிடும்.

எனக்குப் பிடித்த சோதனை எண், 2-இன் 67-ஆம் அடுக்கில் 1 கழித்தால் வரும் 147573952589676412927. கணிதவியலாளர் மெர்சென் 1644-இல் இதைப் பகா எண் என்று பட்டியலிட்டார். 1876-இல் இன்னொரு கணிதவியலாளர் லூக்கா அப்படி இல்லை என்று நிறுவினார், ஆனால் காரணி ஒன்றுகூட அவர் கையில் இல்லை. அதைக் கொண்டுவர 1903-இல் ஃபிராங்க் நெல்சன் கோல் வர வேண்டியிருந்தது. பாரியில் ‘ஃபேக்டர்’ என்று தட்டினால் கண் இமைக்கும் நேரத்தில் இரண்டும் வந்து நிற்கின்றன: 193707721, 761838257287.

விடை வந்துவிட்டதே என்று அதோடு மூடிவிடாதீர்கள், ருசியே இனிமேல்தான். முதல் காரணியில் 1 கழித்து 134-ஆல் வகுத்துப் பாருங்கள்: சரியாக 1445580. இரண்டாவதிலும் அப்படியே, 5685360129, மீதி இல்லை. ஏன்? ‘இசட்என்ஆர்டர்’ கட்டளையிடம் கேட்டால், இரண்டு காரணிகளையும் பொறுத்து 2-இன் வரிசை 67 என்கிறது. அதாவது 2-இன் அடுக்கை ஒவ்வொன்றாக ஏற்றி அந்தக் காரணியால் வகுத்துக்கொண்டே போனால், மீதி 1 முதன்முதலில் வருவது 67-ஆம் அடுக்கில். அந்த வரிசை, பகாக் காரணியில் 1 கழித்த எண்ணை வகுத்தே ஆக வேண்டும். 1 கழித்த அந்த எண் இரட்டைப்படை எண்ணும்கூட. ஆக 67-இன் இருமடங்கான 134 வகுக்காமல் போக வழியே இல்லை. இந்த இடத்துக்காகவே இந்த மென்பொருளை எனக்குப் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ‘ஃபேக்டர்’ தரும் பெரிய காரணிகள் இயல்பு அமைப்பில் ‘அநேகமாகப் பகா எண்தான்’ என்று மட்டும் சொல்லும் சோதனையைத் தாண்டியவை மட்டுமே. 2-இன் 64-ஆம் அடுக்குக்குள் அந்தச் சோதனை தவறாது என்று சரிபார்த்திருக்கிறார்கள், அதனால் மேலே சொன்ன இரண்டுக்கும் கவலையில்லை. அதற்கு மேல் போனால் ‘இஸ்பிரைம்’ போட்டு முறையான நிரூபணம் வாங்கிக்கொள்ளுங்கள். இதைக் கையேட்டில் சொல்லியிருக்கிறார்கள். விடைக்குப் பக்கத்திலேயே ஒரு குறி போட்டுக் காட்டினால் புதிதாக வருபவருக்கு எவ்வளவோ உதவும்.

1970-இல் மோரிசனும் பிரில்ஹார்ட்டும் காரணிகளாக உடைத்த ஏழாவது ஃபெர்மா எண்ணுக்கு, அதாவது 2-இன் 128-ஆம் அடுக்கில் 1 கூட்டினால் வரும் எண்ணுக்கு, 39 இலக்கங்கள். இன்றைய சாதாரண லேப்டாப்பில் பாரிக்கு அது பெரிய வேலையே இல்லை. அதற்காக, இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி ‘உடைத்துப் பார்’ என்று சவாலாக விட்ட 250 இலக்க ஆர்எஸ்ஏ எண்ணைக் கொண்டுவந்து போடாதீர்கள். 2020-இல் அதை உடைத்தது காடோ-என்எஃப்எஸ் என்ற வேறு மென்பொருள், அதுவும் ஏகப்பட்ட கணினிகளைக் கூட்டி. அப்புறம், கணக்கு பெரிதாகும்போது நினைவகம் போதவில்லை என்று பாரி நின்றால் பயப்பட வேண்டாம். ‘அலோகேட்மெம்’ கொடுத்து இடத்தைக் கூட்டிவிட்டு அதே கட்டளையை மறுபடி ஓட்டுங்கள்.