ஓவியம், புகைப்படக்கலையோடு மூன்றாவது பாடம்: இயற்பியலா, வரலாறா?

ஓவியமும் புகைப்படக்கலையும் என்று முடிவான பிறகு மூன்றாவதாக எதை எடுப்பது என்று பல நாள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் இயற்பியல் எடுத்தேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிடித்ததை எடு, மார்க் வருவதை எடு, சேர நினைக்கும் படிப்பு எதைக் கேட்கிறது என்று பார். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் தாமதமாகப் புரிந்துகொண்டது வேறு: ஒரு பாடம் எவ்வளவு நேரம் கேட்கிறது என்பதைவிட எந்த மாதிரி நேரத்தைக் கேட்கிறது என்பதுதான் முக்கியம்.

ஓவியமும் புகைப்படமும் வெளியிலிருந்து பார்க்க ஜாலியான பாடங்கள். உள்ளே போனால் ஸ்கெட்ச்புக், போர்ட்ஃபோலியோ (படைப்புத் தொகுப்பு) என்று ஆண்டு முழுக்க வேலை வாங்கும். வெறுமனே வரைந்தால், எடுத்தால் போதாது. ஏன் இப்படிச் செய்தேன், யாருடைய படைப்பைப் பார்த்து இந்த யோசனை வந்தது, எது சொதப்பியது என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதவும் வேண்டும். பாதிக்குப் பாதி எழுத்து வேலை. போதாக்குறைக்கு எனக்கு இரண்டின் கெடுவும் ஒரே வாரத்தில் வந்து நின்றன. இதோடு வரலாறோ இலக்கியமோ சேர்ந்தால், கட்டுரை எழுதவும் ஒரு முழு மாலை வேண்டும், ஓவியத்துக்கும் அதே மாலைதான் வேண்டும். வாரத்தில் அப்படி எத்தனை மாலைகள் கிடைத்துவிடும்?

இயற்பியல் கணக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. கேன்வாஸில் முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டு மூன்று போட்டுவிடலாம். விடை வந்ததா வரவில்லையா, அத்தோடு நோட்டை மூடிவிடலாம். மேசையின் ஒரு ஓரத்தில் ஈரப் படம், இன்னொரு ஓரத்தில் கணக்கு நோட்டு, இப்படித்தான் என் ஆண்டு ஓடியது (அந்த நோட்டின் அட்டையில் நீலப் பெயிண்ட் கைரேகை இன்னமும் இருக்கிறது). இன்னொன்று, படம் வரைந்து களைத்த மூளைக்குக் கணக்கு ஓரளவு மாற்றமாக இருக்கிறது. எழுதிக் களைத்துவிட்டு மறுபடி எழுத உட்காருவதுதான் கொடுமை.

பாடமே கேமராவுக்கு உதவுவது அதற்கு மேல் கிடைத்த லாபம். அப்பெர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) எண்கள் 2.8, 4, 5.6, 8, 11 என்று ஏன் இப்படிக் கோணல்மாணலாகப் போகின்றன என்று நான் மனப்பாடம்தான் செய்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் முந்தையதைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம். எண் கூடினால் துளை சுருங்கும், அதனால் துளையின் பரப்பு ஒவ்வொரு படியிலும் பாதியாகிறது, வெளிச்சமும் பாதியாகிறது. அதைவிடப் பெரிய விஷயம் எதிர் இருமடி விதி: விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகும். முகத்திலிருந்து 1 மீட்டரில் ஒரு சின்ன விளக்கு, முகத்துக்கு 1 மீட்டர் பின்னால் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்கு விளக்கு 2 மீட்டர் தூரம், ஆகவே முகத்துக்குக் கிடைப்பதில் நாலில் ஒரு பங்கு வெளிச்சம். விளக்கை முகத்துக்கு அரை மீட்டர் வரை கொண்டுவந்தால் சுவர் 1.5 மீட்டரில், அதாவது மூன்று மடங்கு தூரத்தில். இப்போது ஒன்பதில் ஒரு பங்குதான். எக்ஸ்போஷரை (கேமராவில் பதியும் வெளிச்சத்தின் அளவை) முகத்துக்குச் சரிசெய்தால் அதே அறை, அதே வெள்ளைச் சுவர், படத்தில் நன்றாக இருண்டுவிடும். இருண்ட பின்னணிக்காகக் கறுப்புத் துணி தேடி அலைந்துகொண்டிருந்த எனக்கு இந்த ஒரு பாடமே போதுமாக இருந்தது.

வரலாற்றைக் குறைத்துச் சொல்லவில்லை. 1839-இல் டாகெரோடைப் என்ற ஆரம்பகாலப் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது, 1843-இல் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைச் சயனோடைப் (நீல நிறத்தில் படம் பதியும் முறை) நீலத்தில் பதித்து நூலாக வெளியிடத் தொடங்கினார் என்பதெல்லாம் தெரிந்தால் போர்ட்ஃபோலியோவில் எழுதும் குறிப்புகளுக்குத் தனி கனம் வரும். ஒரு படத்தை யார், யாருக்காக எடுத்தார்கள் என்று கேட்கும் பழக்கமும் வரும். ஆனால் இதை நூலகத்தில் உட்கார்ந்து நாமே படித்துக்கொள்ளலாம். ஒளியியலை அப்படித் தனியாகப் படிக்க நான் முயன்றிருக்கிறேன், இரண்டாவது அத்தியாயம் தாண்டவில்லை.

வேதியியல்? டார்க்ரூம் என்ற இருட்டறையில் ஃபிலிம் கழுவுபவர்களுக்கு, படத்தை வெளிக்கொணரும் டெவலப்பரும் அதை நிலைக்கச் செய்யும் ஃபிக்சரும் என்ன செய்கின்றன என்பது புரியும். நான் அந்த அறையில் இருந்தது சில வாரங்கள்தான், அதனால் அதற்கு மேல் வக்காலத்து வாங்க மாட்டேன். கணினி அறிவியல் எடுத்த தோழி, புரோகிராம் ஓடாத இரவுகள் ஓவிய இரவுகளைத் தின்றுவிட்டன என்று புலம்புவாள். அது அவள் அனுபவம், எல்லாருக்கும் அப்படியா என்று தெரியாது.

இயற்பியலிலும் வில்லங்கம் உண்டு. கணிதம் சுத்தமாக வராது என்றால் பத்து நிமிடக் கணக்கு ஒரு மணி நேரம் இழுக்கும், அப்போது நான் மேலே சொன்ன கணக்கெல்லாம் தலைகீழ், பேசாமல் வரலாறே எடுத்துவிடலாம். அப்புறம் இரண்டு வாரம் வகுப்பைக் கோட்டைவிட்டால் அடுத்த அத்தியாயம் புரியாது. முடிவெடுக்கும் முன் ஒவ்வொரு பாடத்திலும் எதை, எந்த வாரம் சமர்ப்பிக்க வேண்டும் என்று கேட்டு, தேதிகளை ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். நான் தேர்வுத் தேதியை மட்டும் பார்த்தேன், செய்முறை நோட்டை மறந்துவிட்டேன். அது சரியாகப் போர்ட்ஃபோலியோ வாரத்தில் வந்து விழுந்து இரண்டு இரவுத் தூக்கத்தை வாங்கிக்கொண்டது.