நோட்டோ செரிஃப் தமிழ்: ஈரக் கடதாசிக்குத் தாங்குமா?

யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவை விட்டு யுனிகோட்டுக்கு வரும் மலையக அச்சகங்களுக்கு, நூல் உட்பக்கத்துக்கான எழுத்துருவாக கூகுளின் நோட்டோ செரிஃப் தமிழைத் தயங்காமல் சொல்லலாம். இலவசம். விற்பனை நூலிலும் பயன்படுத்த உரிமம் இடம் தருகிறது. கோடுகள் தடித்தும் மெலிந்தும் ஓடுவதால், ஈய எழுத்தில் வாசித்துப் பழகிய கண்ணுக்கு நெருடாது.

வில்லங்கம் அந்த மெல்லிய கோட்டில்தான். ஹட்டன், நுவரெலியா மழைக்காலத்தில் பிரித்து வைத்த கடதாசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். லேசரில் டோனர் சரியாகப் பிடிக்காமல் மெல்லிய கோடு அறும். அதையே போட்டோகொப்பி எடுத்தால் இன்னும் மோசம். ரிசோ என்ற நகலச்சு இயந்திரத்தில் நேர்மாறு: மை பரவி ‘ண’வின் சுழிகள் அடைபட்டு, ‘ன’ போலத் தெரியும். தரம் 5 மாணவருக்கான வினாத்தாளில் இது சின்னப் பிழையல்ல. ஆகவே லேசருக்கு மீடியம் தடிமன், 11 புள்ளி. ரிசோவுக்கு ரெகுலரே போதும், ஆனால் 12க்குக் குறைக்க வேண்டாம். போல்ட் தலைப்புக்கு மட்டும். கடதாசியை உறையோடு மூடி வைப்பது எந்த எழுத்துருவுக்கும் நல்லது.

தரவிறக்கிய பொதியில் எல்லாத் தடிமனையும் ஒன்றாக அடக்கிய மாறுதடிமன் கோப்புகளும், தடிமனுக்கொரு கோப்பாகப் பிரித்த ‘ஸ்டாட்டிக்’ என்ற கோப்புறையும் இருக்கும். வேர்ட் பாவிப்போர் பின்னதை நிறுவுவதே நல்லது. மீடியம் தனிப் பெயரில் பட்டியலில் வரும். வரி இடைவெளியை ‘எக்ஸாக்ட்லி’ என்று இறுக்கினால் ‘கீ’யின் மேற்சுழியோ ‘ஞூ’வின் அடியோ வெட்டுப்படும். 11 புள்ளிக்கு 17 விட்டால் வசதி. இன்டிசைனில் ‘கொ’ உடைந்து கொம்பு எழுத்துக்குப் பின்னே போய் நின்றால் எழுத்துருவைத் திட்டாதீர்கள். பந்தி அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி’ கம்போசரைத் தெரிவு செய்தால் சரியாகிவிடும்.

பாமினிக் கோப்பை மாற்றும்போது ‘கௌ’ பெரும்பாலும் ‘கெ’, ‘ள’ என்று இரண்டாகிவிடும். அச்சில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதால் ஒப்புநோக்குபவர் கண்ணில் படாது, தேடும்போதுதான் அகப்படும். ‘கெள’ என்று தேடி ஒவ்வொன்றாகத் திருத்துங்கள். மொத்தமாக மாற்றினால் ‘கெளுத்தி’யும் கெட்டுப்போகும்.

மும்மொழிப் படிவம், அறிவித்தல் அடிப்போருக்கு ஒரு கூடுதல் இலாபம்: நோட்டோ செரிஃப் சிங்களமும் ஆங்கிலத்துக்கான நோட்டோ செரிஃபும் இதே குடும்பம். ஒரே தடிமனில் மூன்றையும் வைத்தால் எதுவும் துருத்தாது. ஆனால் தமிழ்ச் சொற்கள் நீளமானவை. மூன்று பத்திகளையும் சம அகலமாகப் பிரித்தால் தமிழ்ப் பத்திதான் முதலில் வழியும். அதற்காகத் தமிழை மட்டும் 9 புள்ளிக்குச் சுருக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, பத்தியை அகலமாக்கி இடப்பக்கம் மட்டும் ஒழுங்கு செய்யுங்கள். இருபுறமும் இழுத்தால் சொற்களுக்கிடையே ஓட்டை விழும்.

சாய்வெழுத்தும் உண்டு. தமிழ் உரைக்குள் அது ஒட்டவில்லை. நூற்பெயருக்கு மேற்கோள் குறியே போதும்.