முழங்கால் மடங்க வேண்டும்: எண்ணெயா, சைக்கிளா, கடலா?

மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் ஈரமணலில் ஓடிக்கொண்டிருந்தபோது என் வலது கால் நண்டு வளை ஒன்றில் இறங்கியது. முழங்கால் ஒருமுறை உட்பக்கம் மடிந்து நிமிர்ந்தது. விழவில்லை, வீட்டுக்கு நடந்தே வந்தேன். மறுநாள் விடிய முழங்கால் பணிஸ் மாதிரி வீங்கியிருந்தது. உட்பக்க லிகமென்ட், அதாவது எலும்புகளைப் பிணைக்கும் நார், கொஞ்சம் இழுபட்டிருக்கிறது, கிழியவில்லை, சில வாரங்களில் ஆறிவிடும் என்றார் வைத்தியர். வலி இரண்டு வாரத்தில் பெரும்பாலும் போய்விட்டது. மடங்குவதுதான் திரும்பி வரவில்லை. பாயில் சம்மணம் கட்டிச் சாப்பிட முடியவில்லை, படியில் இறங்கக் கால் மரக்கட்டை மாதிரி நின்றது.

அந்த ஒன்றரை மாதத்தில் ஊரில் எவரெவர் என்ன வழி சொன்னார்களோ எல்லாவற்றையும் பார்த்தேன். சிலவற்றை என் காலில் பார்த்தேன், சிலவற்றைக் கூட ஓடுகிறவர்களின் காலில்.

எதை வைத்து ஒப்பிடுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குப்புறப் படுத்துக் காலை மடக்கினால் குதிக்காலுக்கும் பிட்டத்துக்கும் நடுவே எத்தனை விரல்கடை இடைவெளி இருக்கிறது என்பது ஒன்று. நிமிர்ந்து படுத்துக் காலை நீட்டினால் முழங்காலின் பின்பக்கம் தரையில் படிகிறதா, கை நுழைகிறதா என்பது இன்னொன்று. மூன்றாவது, அடுத்த நாள் காலையில் வீக்கம் கூடியிருக்கிறதா என்பது. முதல் இரண்டும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், மூன்றாவது கெட்டால் அந்த வழியை நான் தள்ளிவிடுவேன். மூட்டுக்குள் கொஞ்சம் நீர் சேர்ந்தாலே தொடையின் முன்தசை சரியாக இறுகாது. தசை இறுகாவிட்டால் கால் முழுதாக நீளாது, நீளாத கால் இன்னும் விறைக்கும்.

ஓடுகிறவர்கள் மடக்குவதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் நீட்டல்தான் முதலில் வர வேண்டும். முழுதாக நீளாத காலோடு ஓடினால் ஒவ்வொரு எட்டும் மடிந்த முழங்காலில் விழும், சுமை கூடுதலாக முழங்காற்சில்லுக்குப் பின்னால் போகும். வீங்கிய மூட்டு ஏறத்தாழ 30 பாகை மடிந்து இருக்கத்தான் விரும்பும், உள்ளே அழுத்தம் குறைவது அங்கேதான். அதனால்தான் முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் அவ்வளவு சுகமாக இருக்கிறது. அம்மா அன்போடு வைத்த தலையணையை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வாரம் அப்படியே போனது, கால் அந்த மடிப்பிலேயே பழகிவிட்டது. வைப்பதானால் தலையணையைக் குதிக்காலுக்குக் கீழே வைக்க வேண்டும், முழங்கால் அந்தரத்தில் நின்று தன் பாரத்தில் தானே நீளும்.

ஓய்வும் முழங்கால் உறையும்

முதல் இரண்டு மூன்று நாளுக்குச் சரி. அதற்கு மேல் இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஓய்வு, ஐஸ், அழுத்தம், உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978இல் ஒன்றாகச் சொல்லிக்கொடுத்த அமெரிக்க வைத்தியர் கேப் மிர்க்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்காலத்தில் எழுதினார். ஐஸ் வலியைத் தணிக்கும், அவ்வளவுதான். உறை போட்டால் கொஞ்சம் தைரியம் வரும். வீட்டுக்குள்ளும் நாள் முழுவதும் போட்டுக்கொண்டு திரிந்தால் மடக்கவே மனம் வராது.

எண்ணெயும் பரியாரியும்

முறிவு நெரிவு வைத்தியம் எங்களிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது, அதை எள்ளி ஒதுக்க எனக்கு விருப்பமில்லை. நான் போன பரியாரி, அதாவது நாட்டு வைத்தியர், முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடு இருக்குது மனே, இப்ப உருவக் கூடாது" என்றார். எண்ணெயைத் துணியில் நனைத்து மேலே போட்டு லேசாகக் கட்டினார். சூடு தணிந்த பிறகு வரச் சொன்னார். அடுத்த முறை நொச்சி இலை வதக்கி ஒத்தடம். அந்த ஒத்தடத்துக்குப் பிறகு காலை மடக்கினால் இரண்டு விரல்கடை கூடுதலாக வந்தது. அடுத்த நாள் காலையில் அந்த இரண்டும் திரும்பிப் போயிருந்தன.

இதற்குக் காரணம் தெளிவு. சூடு தசையை இளக்கும், வலியைக் குறைக்கும். இளகிய நேரத்தில் காலை அசைத்துப் பழக்காவிட்டால் ஆறியதும் பழைய நிலைதான். எண்ணெய் தடவிவிட்டுப் படுத்துக்கொள்கிறவர் பாதி வேலையோடு நிற்கிறார். ஒத்தடம் கொடுத்து உடனே பயிற்சி செய்கிறவருக்கு அது நல்ல துணை. வீட்டில் சித்தாலேப என்ற மூலிகைத் தைலத்தைப் பூசுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். "ஒரு இழுப்பில எடுத்துவிடுறன்" என்று யாராவது காலைப் பிடித்தால் எழுந்து வந்துவிடுங்கள். கூட ஓடும் மூத்தவர் ஒருவர் நல்ல எண்ணத்தில்தான் என் காலைப் பிடித்து மடக்கினார். அந்த நேரத்தில் நாலு விரல்கடை கிடைத்தது, மறுநாள் மூட்டில் நீர். ஒரு வாரம் பின்னால் போனேன்.

பிசியோதெரபி

அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசில்லை. வைத்தியர் துண்டு எழுதித் தர வேண்டும், ஒரு காலை நேரத்தை ஒதுக்க வேண்டும். தனியாரில் காசு போகும், நேரம் மிஞ்சும். எதில் போனாலும் சிகிச்சை நடப்பது அந்த அரைமணி நேரத்தில் இல்லை. வாரத்தில் ஒருநாள் போய் மின்சாரக் கருவிக்குக் கீழே காலை வைத்துவிட்டு வருகிறவரும், சொல்லித்தந்ததை வீட்டில் நாளுக்கு நாலைந்து தடவை செய்கிறவரும் ஒரே இடத்துக்குத்தான் போகிறார்கள். மூன்றாவது வாரத்தில் இருவரும் ஒரே மாதிரி நடக்க மாட்டார்கள்.

எனக்குக் கிடைத்தவை இவ்வளவுதான். சீமெந்துத் தரையில் இருந்து, குதிக்காலுக்குக் கீழே பழைய துணி ஒன்றை வைத்து மெதுவாக என்னை நோக்கி வழுக்கி இழுப்பது. கடைசி எல்லையில் சாரத்தைப் பாதத்தில் கொளுவி இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பது. காலை நீட்டி, தொடையை இறுக்கி, முழங்காலைத் தரையோடு அழுத்தி ஐந்து விநாடி வைத்திருப்பது. ஒவ்வொன்றும் பத்துத் தடவை. வீக்கம் வற்றிய பிறகு குப்புறப் படுத்து 30 விநாடி இழுத்துப் பிடிப்பதும் சேர்ந்தது. பார்க்க எதுவும் பெரிதாகத் தெரியாது. "நோகலாம், ஆனா செய்து முடிச்சுக் கொஞ்ச நேரத்தில அந்த நோ அடங்கோணும்" என்று பிசியோ மிஸ் சொன்ன அளவுகோலை இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

சைக்கிள்

நான் எதிர்பார்க்காத அளவுக்கு உதவியது இதுதான். எங்கள் ஊர் தட்டை நிலம், வீட்டுக்கு வீடு ஒரு லுமாலா சைக்கிள் நிற்கும். ஒரு முழுச் சுற்று மிதிக்க முழங்கால் ஏறத்தாழ 110 பாகை மடங்க வேண்டும். அது வராதபோது ஸ்டாண்டில் நிறுத்தி, முன்னும் பின்னுமாக அரைச் சுற்று ஆட்டினேன். சீற்றை உயர்த்தினால் தேவையான மடிப்பு குறையும். சுற்று வந்ததும் நாலைந்து நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். பாரம் இல்லாமல் நூற்றுக்கணக்கான தடவை மடங்கி நீளும் வாய்ப்பு வேறு எதிலும் இவ்வளவு மலிவாகக் கிடைக்காது.

குறை என்னவென்றால் சைக்கிள் கடைசி நீட்டலைத் தராது, அதைத் தரையில் படுத்துத்தான் எடுக்க வேண்டும். அப்புறம், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பின்னேரம் எதிர்க்காற்றில் மிதிப்பது லேசான பயிற்சி இல்லை. விடியற்காலையில் போங்கள்.

கடல்

நெஞ்சளவு தண்ணீரில் நின்றால் உடற்பாரத்தில் மூன்றில் ஒரு பங்கு போலத்தான் காலில் இறங்கும், இடுப்பளவில் பாதி. ஊன்றப் பயப்படுகிறவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஆனால் எந்தத் தண்ணீர்? கல்லடியில் அலை பக்கவாட்டில் வந்து முழங்காலை அடிக்கும், உட்பக்கம் இழுபட்டவருக்கு அதுவே ஆபத்து. வாவியில் சேறு காலைப் பிடிக்கும், முதலைப் பயமும் உண்டு. பாசிக்குடாதான் பொருத்தம். கரையிலிருந்து வெகுதூரம் ஆழமில்லை, அலையும் குறைவு. ஆனால் ஏறத்தாழ 35 கிலோமீற்றர் பஸ்ஸில் காலை மடக்கிக்கொண்டு போய் வர வேண்டும். நான் இரண்டு தரம் போனேன். மனத்துக்கு நன்றாக இருந்தது. தினமும் முடியாத ஒன்றைத் திட்டத்தின் நடுவில் வைக்க முடியாது. மாரியில் அதுவும் இல்லை.

ஆகவே என் தெரிவு: பிசியோவிடம் ஒருமுறையாவது போய்ப் படித்துக்கொண்டு, வீட்டில் தரைப்பயிற்சியும் காலைச் சைக்கிளும். பயிற்சிக்கு முன் வேண்டுமானால் ஒத்தடம். முழங்கால் பூட்டிக்கொண்டு அசைய மறுத்தால், நடக்கும்போது திடீரென்று விட்டுக்கொடுத்தால், அடிபட்டு ஓரிரு மணிக்குள் பெரிதாக வீங்கினால், காய்ச்சலோ கெண்டைக்கால் வீக்கமோ வந்தால் இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. நேரே வைத்தியரிடம் போங்கள்.

மெதுவோட்டத்துக்குக் கால் 90 பாகை அளவில் மடங்கினால் போதும், வேகமெடுத்தால் 120ஐத் தாண்டும். தரையில் குதிக்கால்மேல் இருப்பதற்கு அதைவிடக் கூட வேண்டும். எங்களோடு ஓடும் காத்தான்குடி நண்பர் ஒருவர் தன் முழங்காலை அதை வைத்துத்தான் அளந்தார். நாற்காலியில் இருந்து தொழுதுகொண்டிருந்தவர், ஆறாவது வாரத்தில் எங்களோடு ஓட வந்துவிட்டார். நாற்காலியை விட்டுத் தொழுகை விரிப்பில் முழுதாக இருந்தது அதற்கும் ஒரு மாதம் கழித்துத்தான். அன்று பின்னேரம் முதலில் எங்களுக்குச் சொன்னது அந்தச் செய்தியைத்தான்.