மாமாவின் படத்தை மீட்டுக் கொடுத்த வேலூர் ஸ்டூடியோ

போன மாதம் எங்கள் மாமா தவறிவிட்டார். அம்மாவின் தம்பி, குடியாத்தத்தில் கைத்தறி லுங்கி நெய்தவர். எனக்கு மாமா என்பதைவிடக் கூட்டாளி என்றுதான் சொல்ல வேண்டும், 18 வயது பெரியவர்தான், ஆனாலும் பத்தாம் வகுப்பில் கணக்கில் போனதை அப்பாவிடம் சொல்வதற்கு முன்னால் தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்து அவரிடம்தான் சொன்னேன், அவர் தறியில் ஓடும் நாடாவை நிறுத்தாமலேயே "சரி மாப்ள, சாப்டியா?" என்று கேட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் தேடும்போதுதான் வீட்டில் அவருடைய நல்ல படமே இல்லை என்று தெரிந்தது. எந்தக் கல்யாண ஆல்பத்தை எடுத்தாலும் பந்தியில் சாம்பார் வாளியோடு குனிந்து நிற்கிறார்.

இருந்தது ஒன்றே ஒன்று. 1986 வைகாசி முதல் தேதி, கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று எடுத்தது. நீலக் கட்டம் போட்ட லுங்கியில் மாமா நாற்காலியில் இருக்கிறார், பின்னால் ஸ்டூலில் ஏறி அவர் தோளில் கை வைத்துக்கொண்டு ஐந்து வயது நான். 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பிக் கௌண்டன்ய ஆற்றில் வெள்ளம் வந்தபோது தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து, படம் ஃபிரேமோடு நனைந்து, காய்ந்து, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. கூடவே நனைந்த தாத்தா படத்தை அப்போதே ஒரு கடையில் கொடுத்தோம், பிளேடு விட்டு உரித்ததில் பாதி முகம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. 1954 குடியாத்தம் இடைத்தேர்தலில் காமராஜருக்கு ஓட்டுப் போட்டதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், இப்போது ஒரு படம்கூட இல்லை. அந்தப் பயத்தில் இதை யாரிடமும் கொடுக்காமல் வைத்திருந்தோம்.

ஒரு நண்பர் சொல்லித்தான் வேலூருக்கு எடுத்துப் போனேன். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், மாடியில் இருக்கும் சின்ன ஸ்டூடியோ. அங்கிருந்த பெரியவர் வாங்கிப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது "இதைப் பிரிக்கவே கூடாது தம்பி." படத்தின் மேல் ஜெலட்டின் பூச்சு இருக்குமாம், ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டால் இழுக்கும்போது நிறமும் சேர்ந்து வந்துவிடும் என்று பொறுமையாக விளக்கினார். அப்படியே கண்ணாடிக்கு மேலாகவே, இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, பளபளப்பு விழாமல் கேமராவில் எடுத்தார். மீதி வேலை கம்ப்யூட்டரில்.

பழைய கலர் படங்களில் நீலம்தான் முதலில் போகும் என்றார், அதனால்தான் மொத்தமும் செம்பழுப்பாக இருந்திருக்கிறது. லுங்கியின் நீலம் சரியாக வர வேண்டும் என்று மறுநாள் மாமா நெய்த லுங்கி ஒன்றையே கொண்டுபோய்க் கொடுத்தேன், அவர் சிரிக்கவில்லை, மேசையில் விரித்துப் போட்டுக்கொண்டு கட்டம் கட்டமாக ஒத்துப் பார்த்து நிறம் கொடுத்தார். கட்டங்கள் நேராக வந்திருக்கின்றன. மாமா பார்த்திருந்தால் முதலில் அதைத்தான் பார்த்திருப்பார்.

குறை இல்லாமல் இல்லை. முதல் பிரதியில் மாமாவை வெளுக்க வைத்திருந்தார்கள், பின்னால் நீல வானம் வேறு. மாமா நல்ல கறுப்பு. எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள் என்றார், மறுபேச்சு இல்லாமல் மாற்றிக் கொடுத்தார், ஆனால் அதில் ஒரு நாள் போய்விட்டது. முதலிலேயே சொல்லிவிடுங்கள். படிக்கட்டு செங்குத்து, வயதானவர்களைக் கூட்டிப் போக வேண்டாம். 12க்கு 18 அங்குல அளவு, ஃபிரேமோடு 1,800 ரூபாய். ஃபிரேம் மரம் இல்லை, ஃபைபர்தான், தேக்கு என்றால் தனி விலை. மேட் தாளில் கேளுங்கள், டியூப்லைட் வெளிச்சம் முகத்தில் அடிக்காது.

காரியத்துக்கு மாமா மட்டும்தானே வேண்டும் என்று என்னை நீக்கச் சொல்லியிருந்தேன். படத்திலிருந்து உங்கள் உடம்பை எடுத்தாகிவிட்டது, மாமாவின் தோளில் இருக்கும் கையையும் அழித்துவிடட்டுமா என்று ஃபோன் செய்தார். எனக்குப் பதில் வரவில்லை. பக்கத்தில் இருந்த அத்தைதான் "அது இருக்கட்டும்டா" என்றார். இப்போது தறி அறையில் மாட்டியிருக்கிறோம், தினமும் மாலை போடும்போது அந்த நாலு விரல் மறையாதபடி அத்தை கொஞ்சம் ஒதுக்கிப் போடுகிறார்.

போகும்போது ஒரு பென் டிரைவ் கொண்டு போங்கள், ஃபைலைத் தனிக் காசு வாங்காமல் போட்டுக் கொடுக்கிறார். நான் மூன்று வீடுகளில் ஒரு பிரதி வைத்திருக்கிறேன், மூன்றும் ஆற்றிலிருந்து தள்ளி இருக்கும் வீடுகள்.